140 மணி நேரப் பாடமும் அதற்குள் இருக்கும் 40 மணி நேரமும்: நியூயார்க் வீட்டு ஆய்வாளர் பயிற்சி குறித்து ஒரு மதிப்புரை

வீடு வாங்கப்போகிறவருக்காக அந்த வீட்டின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதித் தருபவர் வீட்டு ஆய்வாளர். நியூயார்க் மாநிலத்தில் அந்த உரிமம் பெறுவதற்காக, மாநில அரசின் ஒப்புதல் பெற்ற தனியார் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்து, பாடம் முழுவதையும் முடித்து, தேர்விலும் தேறிவிட்டேன். அந்தப் பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அங்கே நேர்ந்த மனக்குறை, இதே படிப்பை நடத்தும் எந்தப் பள்ளியிலும் எவருக்கும் நேரக்கூடியது என்பதால், படிப்பவர்கள் தாங்கள் சேர நினைக்கும் பள்ளியை எடைபோட இது உதவினால் போதும். ஊரில் கட்டடப் பொறியியல் படித்து, இங்கே வந்து வேறு வேலையில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு, நடுவயதில் மீண்டும் கட்டடத்தின் பக்கம் திரும்ப விரும்பும் நம்மவர்கள் சிலர் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்புப் பாடம் கொடுத்த காசுக்குத் தகும். களப்பயிற்சியின் முற்பாதி எந்த விதத்திலும் தகாது. பிற்பாதியோ, நானாகப் போராடிக் கேட்டு வாங்கியது, கட்டிய பணம் முழுவதற்கும் ஈடாக அமைந்தது. ஒரே பள்ளியில், ஒரே கட்டணத்தில், ஒரே மாணவனுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் வீட்டு ஆய்வுத் தொழிலை ஒழுங்குபடுத்துவது நிலச்சொத்துச் சட்டத்தின் 12-பி பிரிவு. 2005 டிசம்பர் 31 முதல் உரிமம் இல்லாதவர் இந்த மாநிலத்தில் கூலிக்கு வீட்டு ஆய்வு செய்ய முடியாது. மாநில உரிமம் பெற்ற பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் விலக்கு உண்டு. புதிதாக வருபவர் உரிமம் பெற 140 மணி நேரப் படிப்பை முடிக்க வேண்டும். அதில் குறைந்தது 40 மணி நேரம், உரிமம் பெற்ற ஓர் ஆய்வாளரின் முன்னிலையில், அவருடைய நேரடி மேற்பார்வையில், ஊதியம் இல்லாமல் வீடுகளுக்கே சென்று செய்யும் ஆய்வாக இருக்க வேண்டும். மேற்பார்வை செய்பவர் அந்த ஆய்வுக்கும் அதிலிருந்து பிறக்கும் அறிக்கைக்கும் முழுப் பொறுப்பு ஏற்பவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. படிப்புக்குப் பதிலாக, இதே போன்ற நேரடி மேற்பார்வையில் 100 வீடுகளை ஆய்வு செய்து காட்டி உரிமம் கேட்கும் வழியும் இருக்கிறது. ஆனால் தனக்கு நாளைக்குப் போட்டியாக வரப்போகிற ஒருவரை 100 வீடுகளுக்கு உடன் அழைத்துச் சென்று, ஒவ்வொன்றுக்கும் தானே பொறுப்பேற்க எந்த ஆய்வாளர் முன்வருவார் என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. ஏழு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளியில் சேர்ந்தேன்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நியூயார்க்கில் பயிற்சியாளருக்கென்று தனி அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் பயிற்சி ஆய்வாளருக்கு 'இன்டர்ன் பெர்மிட்' வழங்குகிறார்கள். மாசசூசெட்ஸில் 'அசோசியேட்' என்ற துணை ஆய்வாளர் உரிமம் உண்டு; அதைப் பெற்றவர் குறைந்தது ஓர் ஆண்டு மேற்பார்வையில் பணியாற்றி, கட்டணம் பெற்ற 100 ஆய்வுகளை முடித்த பிறகே முழு உரிமத்துக்குப் போக முடியும். டெக்சஸில் இது மூன்று படிகள். அங்கே 'அப்ரென்டிஸ்' எனப்படும் தொடக்கநிலையாளர் தனக்கு மேற்படியில் இருக்கும் ஓர் ஆய்வாளரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். அடுத்த படியில் இருப்பவருக்கு மேற்பார்வை சற்றுத் தளர்கிறது. மூன்றாம் படியில் இருப்பவர் தனித்து நிற்கிறார். இந்த மாநிலங்களில் எல்லாம் பயிற்சியாளர் என்பவர் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஓர் எண் இருக்கிறது, அவருக்காகப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் பதிவேட்டில் இருக்கிறார்.

நியூயார்க்கில் பயிற்சியாளரைக் காப்பது அந்த 40 மணி நேரம் என்ற சொற்றொடர் மட்டுமே. அதனால் அந்த 40 மணி நேரத்தைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதே பள்ளியின் தரம். நான் சேரும்போது இதை உணரவில்லை. விளம்பரத்தில் 140 என்ற எண்ணைப் பார்த்தேன், கட்டணம் 2000 டாலருக்குச் சற்று மேல் என்று பார்த்தேன், வகுப்பு நேரம் என் வேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். களப்பயிற்சியில் ஒரு ஆய்வாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்புப் பாடத்தைப் பற்றி நிறைவாகவே சொல்ல முடிகிறது. பாதியை வீட்டிலிருந்தபடி கணினியில் பார்க்கலாம், பாதிக்கு நேரில் போக வேண்டும். கூரை, வெளிப்புறம், அடித்தளம், மின்சாரம், குழாய்கள், வெப்பமூட்டல், குளிரூட்டல், வெப்பக் காப்புப் பொருள்கள் என்று ஒவ்வொன்றும் முறையாகச் சொல்லப்பட்டது. மின்சாரப் பாடம் எடுத்தவர், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பழைய மின்பேனல் பெட்டி ஒன்றையே வகுப்புக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பிரித்துக் காட்டினார். 1960-களின் நடுப்பகுதியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை கட்டிய வீடுகளில் ஏன் அலுமினியக் கம்பிகளைத் தேட வேண்டும், இணைப்பு முனைகளில் அவை ஏன் தளர்ந்து சூடேறுகின்றன என்பதை அவர் விளக்கியதை இன்றும் அப்படியே நினைவிலிருந்து சொல்வேன்.

நம்மூரில் படித்தவர்களுக்கு இந்த வகுப்பு இன்னொரு வகையிலும் தேவை. எனக்குச் செங்கல்லும் கான்கிரீட்டும் கம்பி கட்டுதலும் தெரியும். மரச்சட்டத்தால் ஆன வீடு தெரியாது. இங்கே தரையைத் தாங்குபவை 'ஜாயிஸ்ட்' எனப்படும் மர உத்தரங்கள். குளியலறைக் குழாயைக் கொண்டுபோக வழியில்லாதபோது பிளம்பர்கள் ரம்பத்தை எடுத்து இந்த உத்தரத்தை வெட்டிவிடுவதுண்டு. வெட்டு, உத்தரத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாக இருக்கக் கூடாது. இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் வெட்டே கூடாது. துளை போட்டால் அதன் விட்டம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். இவை எதுவும் எனக்கு முன்பு தெரியாது. பொறியியல் பட்டம் இருக்கிறதே, இந்த 140 மணி நேரம் எதற்கு என்று முதலில் எரிச்சல்பட்டவன் நான். அந்த எரிச்சல் இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது.

வகுப்பில் குறை என்றால் ஒன்றுதான்: அறிக்கை எழுதும் பயிற்சி மிகவும் குறைவு. மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுவதைக் காட்டினார்களே தவிர, ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று காட்டவில்லை.

இனி களப்பயிற்சி. நான்கு சனிக்கிழமைகள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று அட்டவணை கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமை காலை, ஆள் குடியில்லாத இரண்டு மாடி வீட்டின் முன் பதினான்கு பேர் நின்றோம். எங்கள் அனைவருக்கும் ஒரே ஆய்வாளர். அவர் நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீட்டின் அடித்தள அறையில், பாய்லருக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில், பதினான்கு பேருக்கு ஒருவர் எதையும் காட்ட முடியாது. முன்வரிசையில் நின்ற நான்கு பேர் பார்த்தார்கள். மற்றவர்கள் அவர் குரலைக் கேட்டோம். கேட்டதை எழுதிக்கொண்டோம்.

மாடிக்கு மேலுள்ள பரணுக்கு வழி, படுக்கையறை அலமாரியின் கூரையில் இருந்த ஒரு சிறிய திறப்பு. அதற்கு ஒரே ஏணி. ஆய்வாளர் ஏறி, டார்ச் வெளிச்சத்தில் அங்கே இருப்பதை எல்லாம் மேலிருந்தபடி உரக்கச் சொன்னார். பிறகு மூன்று பேர் ஒவ்வொருவராக ஏறித் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான்காவதாக நின்ற நான் ஏணியில் கால் வைக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது; பிற்பகலில் வேறு வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அந்த ஏணி திரும்பவும் விரிக்கப்படவில்லை.

மாலையில் பதிவுத்தாள் வந்தது. வீட்டின் முகவரி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பார்த்த பகுதிகள் என்று கட்டங்கள் போட்ட ஒரு தாள். அதில் சாப்பாட்டு இடைவேளையும் பயிற்சி நேரமாகவே கணக்கிடப்பட்டிருந்தது. 'பரண்' என்ற கட்டத்தில் எல்லோரும் குறியிட்டார்கள். நான் அதை வெற்றாக விட்டேன். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தீர்களே, குறியிடலாமே என்று கனிவாகத்தான் சொன்னார். நான் பரணைப் பார்க்கவில்லை என்று மட்டும் பதில் சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, வெற்றுக் கட்டத்தோடேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

இதை நேர்மையின் பெருமைக்காக நான் எழுதவில்லை. அந்தத் தாள் நாளைக்கு உரிமத்துக்கான சான்று. அதை நம்பி அரசு எனக்கு உரிமம் தரும். அந்த உரிமத்தை நம்பி ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கும். பரண் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்பதை அந்தக் குடும்பம் எப்படி அறியும்? இரண்டாவது சனிக்கிழமையும் இதே கூட்டம், இதே போக்கு. அன்றிரவு பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். சட்டத்தில் உள்ள 'முன்னிலையில்', 'நேரடி மேற்பார்வையில்', 'முழுப் பொறுப்பு ஏற்று' என்ற மூன்று சொற்றொடர்களை எடுத்துக்காட்டி, பதினான்கு பேரை ஒருவர் நேரடியாக மேற்பார்வை செய்வது எப்படி என்று கேட்டிருந்தேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில், அட்டவணை மாற்றத்துக்குரிய விதிகள் இருந்தன. என் கேள்விக்குப் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் இரண்டு முறை பேசி, மீதமுள்ள 20 மணி நேரத்தை வார நாள்களில் வேறொரு ஆய்வாளரிடம், மூன்று பேர் கொண்ட குழுவில் முடிக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு குழு இருப்பதைப் பள்ளி எந்த மாணவருக்கும் தானாகச் சொல்வதில்லை. என் மனக்குறையின் மையம் இதுதான்.

அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தக் குழுவுக்குப் போனேன். இந்த ஆய்வாளர் வயதில் மூத்தவர், பேச்சு குறைவு. நாங்கள் போனவை உண்மையான ஆய்வுகள்: வீடு வாங்கப்போகிறவர் உடன் இருந்தார், விற்பவர் வீட்டில் குடியிருந்தார். நாங்கள் உடன் வருவதற்கு இரு தரப்பிடமும் அவர் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருந்தார். உள்ளே போகும் முன் வாசலில் நிறுத்தி அவர் சொன்ன நிபந்தனைகள் சில. வாடிக்கையாளரிடம் எந்தக் குறையைப் பற்றியும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்டால் ஆய்வாளரிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். மின்பேனலின் முன்தகட்டை அவர் மட்டுமே கழற்றுவார், எங்கள் கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வீட்டின் வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டைத் தொட்டால், தொடும் முன் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, போகும்போது அதே எண்ணில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எடுத்த படங்களை எவருக்கும் காட்டக் கூடாது, ஏனென்றால் அறிக்கை வாடிக்கையாளருக்கு உரியது, அவர் சம்மதமின்றி அதிலிருந்து ஒரு வரி கூட வெளியே போகக் கூடாது. வகுப்பில் இவற்றைப் படித்திருக்கிறேன். முழுப் பொறுப்பு என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது, அவர் எங்கள் மூவர் கைகளையும் கண்ணால் கண்காணித்துக்கொண்டே வேலை செய்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அந்த முதல் நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அடித்தள அறையில் வாட்டர் ஹீட்டரின் முன் என்னை நிறுத்தி, பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். நான் முத்திரைத் தகட்டைப் படித்து அதன் வயதைச் சொன்னேன். புகைக்குழாய் ஹீட்டரிலிருந்து புகைபோக்கி வரை மேல்நோக்கிச் சாய்ந்து போகிறதா என்று பார்த்தேன். அடிக்குக் கால் அங்குலமாவது ஏற்றம் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன், இருந்தது. அடியில் துரு இல்லை, தரையில் ஈரம் இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை. நான் இன்னொரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பக்கவாட்டில் அழுத்த வால்விலிருந்து இறங்கும் செப்புக் குழாய், தரைக்கு ஆறு அங்குலத்துக்குள் முடிந்திருந்தது. அதுவும் சரி என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். மூன்றாம் முறை குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குழாயின் முனையில் ஒரு மூடியைத் திருகி அடைத்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்திருக்கும், யாரோ நல்லெண்ணத்தில் அடைத்திருப்பார்கள். தொட்டிக்குள் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறினால் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்த வால்வு. அதை அடைத்துவிட்டால் அந்தத் தொட்டி வெடிக்கக்கூடிய ஒரு பாத்திரம். மேலே ஒரு குழந்தை ஓடி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விற்பவரை அழைத்து அவரிடம் அமைதியாக விளக்கிய பிறகே ஆய்வாளர் அடுத்த வேலைக்குப் போனார். பதினான்கு பேர் குழுவில் நான் அந்த முனையைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பரணையும் அங்கேதான் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய பழைய வீடு. பரணின் ஒரு மூலையில், காப்புப் பஞ்சுக்கு வெளியே, வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் இரண்டு தெரிந்தன. அவற்றிலிருந்து ஒரு கம்பி கிளம்பிப் பஞ்சுக்குள் புதைந்து போயிற்று. அது 'நாப் அண்ட் ட்யூப்' எனப்படும் பழைய மின்கம்பி முறை. கம்பி சூடேறினால் சுற்றியுள்ள காற்றில் வெப்பம் போய்விட வேண்டும் என்பதே அதன் அமைப்பு. பிற்காலத்தில் யாரோ குளிருக்காகப் பஞ்சைப் பரப்பி அதை மூடியிருக்கிறார்கள். பஞ்சை விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், நாம் பார்த்தது இரண்டு குமிழ், ஒரு கம்பி, அது பஞ்சுக்குள் போகிறது என்பது. அவ்வளவையும் எழுதுவோம், மீதியை மின்பணியாளர் பார்க்கட்டும் என்றார். எளிதில் அணுகக்கூடியதும் கண்ணால் கண்டதும் மட்டுமே அறிக்கையில் வரும் என்று ஆய்வுக்கு முன் வாடிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்திலேயே நியூயார்க் விதிகள் சொல்லச் சொல்கின்றன. அந்த வரியை நான் வகுப்பில் நான்கு முறையாவது படித்திருப்பேன்.

என்னைப் போன்ற பொறியியல் படித்தவர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. அதே ஒப்பந்த வாசகம், வீட்டு ஆய்வாளர் பொறியியல் சேவையோ கட்டடக்கலைச் சேவையோ வழங்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறது. மாநில உரிமம் இல்லாத வரையில் ஊரில் வாங்கிய பட்டம் இங்கே கணக்கில் வராது. பயிற்சிக்காக நான் எழுதிய முதல் அறிக்கையில், பின்சுவரின் விரிசலைப் பார்த்து, 'அடித்தளம் அமுங்கிவருகிறது, தாங்குதிறன் குறைந்துள்ளது' என்று எழுதியிருந்தேன். அவர் சிவப்பு மையால் அந்த வரி முழுவதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் கேள்விகளாக எழுதினார்: எந்தச் சுவர்? எந்த மூலையிலிருந்து எத்தனை அடி? படிக்கட்டுப் போல் போகிறதா, நேராகவா, கிடையாகவா? அகலம் எவ்வளவு, மேலே அகலமா கீழே அகலமா? பக்கத்தில் கதவு இறுகுகிறதா? யாரைப் பார்க்கச் சொல்கிறீர்கள்? திருத்தி எழுதியபோது ஒரு வரி ஏழு வரியாயிற்று. அதில் என் முடிவு எதுவும் இல்லை, பார்த்தது முழுவதும் இருந்தது, உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. 'அடித்தள அறை ஈரமாக இருக்கிறது' என்ற என் இன்னொரு வரிக்கும் இதே கதிதான். ஈரமானி எந்த இடத்தில் எவ்வளவு காட்டியது, சுவரில் எந்த உயரம் வரை உப்புப் பூத்திருக்கிறது, வெளியே மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது, மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று நான்கையும் சேர்த்து எழுத வைத்தார். பள்ளி வகுப்பில் கிடைக்காத அறிக்கைப் பயிற்சி முழுவதும் இந்த 20 மணி நேரத்தில் கிடைத்தது.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நியூயார்க் தன் சொந்தத் தேர்வையும் ஏற்கிறது, தேசிய வீட்டு ஆய்வாளர் தேர்வையும் ஏற்கிறது. தேசியத் தேர்வில் 200 கேள்விகள், நான்கு மணி நேரம். அவற்றில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எவை அந்த 25 என்று நமக்குத் தெரியாது. 200 முதல் 800 வரையிலான அளவில் 500 எடுத்தால் தேர்ச்சி. வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருப்பவர்கள் தேசியத் தேர்வையே எழுதுவது நல்லது, பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன. பள்ளியின் மாதிரி வினாக்கள் இதற்குப் போதுமானவை. வகுப்பைக் கவனித்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உரிமம் எடுப்பவர், ஒரு நிகழ்வுக்கு 1,50,000 டாலருக்கும் மொத்தமாக 5,00,000 டாலருக்கும் குறையாத பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பதையும், உரிமம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது 24 மணி நேரத் தொடர்கல்வி தேவை என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பள்ளி முதல் நாளே தெளிவாகச் சொன்னது, அதற்காகப் பாராட்டுகிறேன்.

40 மணி நேரம் போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் எண்ணம். ஒரு வீட்டுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் ஏறக்குறைய பதின்மூன்று வீடுகள்தான். மாசசூசெட்ஸ் கேட்கும் 100 எங்கே, இது எங்கே. நியூயார்க்கும் பயிற்சியாளருக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்து, ஓர் ஆண்டு காலமாவது ஒருவரின் பொறுப்பில் கூலியோடு வேலை செய்ய விட்டால், 40 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய நெருக்கடி பள்ளிகளுக்கும் இருக்காது. கூலியின்றி விடுப்பு எடுத்துக்கொண்டு போக முடியாத எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வர முடியும். என் குழுவில் இருந்த மற்ற இருவரில் ஒருவர் மணிக்கூலி வேலையில் இருந்தவர். வார நாளில் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு அன்றைய வருமானம் போயிற்று. எனக்குச் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது, அவருக்கு இல்லை. உரிமம் கிடைத்த பிறகும் நான் அந்த மூத்த ஆய்வாளரோடு பல ஆய்வுகளுக்குக் கூலியில்லாமல் உடன் போய்வந்தேன். அப்படிப் போக வேண்டும் என்று எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தப் பள்ளியிலோ இதுபோன்ற வேறு பள்ளியிலோ சேரப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவற்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். களப்பயிற்சியில் ஓர் ஆய்வாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். எண்ணை எழுத்தில் வாங்குங்கள். போகும் வீடுகள் காலியானவையா, உண்மையான வாடிக்கையாளருக்காக ஆய்வு நடக்கும் வீடுகளா என்று கேளுங்கள். பயணமும் சாப்பாடும் 40 மணி நேரக் கணக்கில் வருமா என்று கேட்டால், பதில் சொல்பவரின் குரலிலேயே பாதி விடை கிடைத்துவிடும். நீங்கள் எழுதும் அறிக்கையை மேற்பார்வையாளர் வரிவரியாகத் திருத்தித் தருவாரா, எத்தனை அறிக்கைகளுக்கு அப்படித் தருவார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வார நாள் குழு என்று ஒன்று இருக்கிறதா என்பதை நீங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பள்ளியின் வகுப்புக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். சனிக்கிழமைக் களப்பயிற்சிக்கு ஒன்று, வார நாள் களப்பயிற்சிக்கு ஐந்து. மூன்று பேர் குழுவில் இடம் உறுதி என்று எழுதித் தந்தால் தெரிந்தவர்களை இந்தப் பள்ளிக்கே அனுப்புவேன். சனிக்கிழமைக் குழுவில்தான் இடம் என்று சொன்னால், கட்டணம் கூடுதலாக இருந்தாலும் வேறு பள்ளியைத் தேடச் சொல்வேன்.